ஓமும் இல்லையும்

கனடாவின் ரொறன்ரோ நகரில் வாழும் என் பள்ளித் தோழர் ஒருவர் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தார். வடமராட்சியில் ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாங்கள். ஊர்ப் புதினங்கள் யாவும் பேசி முடிந்த பின்னர் அவர் சொன்னார்: "அமெரிக்காவிலை அறுபது எழுபது வருசத்துக்கு முந்திப் போன ஒரு தொலைக்காட்சிப் போட்டியை இப்ப ஒவ்வொரு இரவும் பார்க்கிறன். அதைப் பார்க்க எங்கடை கே.எஸ். ராஜாவின்ரை 'வினோத வேளை'தான் ஞாபகம் வருது. நீயும் ஒருக்கால் பார்."

பார்த்தேன். ஒன்று இரண்டாகி, ஒரு வாரத்து இரவுகள் அதிலேயே கழிந்தன. பார்த்து முடித்தபோது வினோத வேளையோடு வேறொன்றும் என் நினைவுக்கு வந்தது. விளையாட்டைப் பற்றி எழுதத் தொடங்கி, விளையாட்டல்லாத ஓர் இடத்தில் இக்கட்டுரை சென்று சேர்வதற்கு அதுவே காரணம்.

நால்வர் அமர்ந்த மேசை

அந்நிகழ்ச்சியின் பெயர் 'வட்ஸ் மை லைன்?'. 'என் தொழில் என்ன?' என்று தமிழில் சொல்லலாம். 1950 பெப்ரவரி 2ஆம் திகதி தொடங்கி 1967 செப்டெம்பர் 3ஆம் திகதி வரை, பதினேழரை ஆண்டுகள், சி.பி.எஸ். தொலைக்காட்சியில் நியூயோர்க்கிலிருந்து ஒளிபரப்பாயிற்று. அதன் காலத்தின் பெரும்பகுதியில் ஞாயிறு இரவு பத்தரை மணி அதற்குரிய நேரமாக இருந்தது.

ஆட்டத்தின் விதி மிக எளிது. சாதாரண மனிதர் ஒருவர் அரங்கினுள் வந்து கரும்பலகையில் தம் பெயரை எழுதுவார். அவருடைய தொழில் சற்று விநோதமானதாக இருக்கும். பார்வையாளர்களுக்கு அத்தொழில் காட்டப்படும். மேசையில் அமர்ந்திருக்கும் நால்வருக்கும் காட்டப்படாது. அவர்கள் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் 'ஆம்' அல்லது 'இல்லை' என்ற பதிலைப் பெறக்கூடிய கேள்விகளையே கேட்கலாம். 'ஆம்' என்ற பதில் கிடைத்தால் அவரே தொடர்ந்து கேட்கலாம். 'இல்லை' என்றால் கேள்வி அடுத்தவருக்குச் செல்லும். ஒவ்வோர் 'இல்லை'க்கும் விருந்தினருக்கு ஐந்து டொலர். பத்து 'இல்லை' சேர்ந்துவிட்டால் ஐம்பது டொலருடன் அவர் வென்றவராவார். அதற்குமேல் பரிசு இல்லை.

இவ்வளவு சிறிய பரிசுக்காக எவரும் அந்த நிகழ்ச்சியைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்தவர்களைப் பார்ப்பதற்காகவே பார்த்தனர். நடிகை ஆர்லின் பிரான்சிஸ், ரண்டம் ஹவுஸ் பதிப்பகத்தின் நிறுவுநர்களில் ஒருவரான பெனற் சேர்ஃப், பத்திரிகையாளர் டொரதி கில்கலன் ஆகிய மூவரும் நிரந்தர உறுப்பினர். நான்காவது கதிரைக்கு வாரந்தோறும் வேறொருவர் வருவார். ஆண்கள் கறுப்பு மாலை உடையிலும் பெண்கள் விருந்து ஆடையிலும் தோன்றுவர். நடுவரான ஜோன் டாலி செய்தித்துறையைச் சேர்ந்தவர். 1941 டிசெம்பரில் பேர்ள் துறைமுகத் தாக்குதலை சி.பி.எஸ். வானொலி வழியாக அமெரிக்க மக்களுக்கு அறிவித்த குரல் அவருடையது. யுத்தத்தை அறிவித்த அதே குரல், "உள்ளே வந்து கையெழுத்திடுங்கள்" என்று புன்னகையுடன் விருந்தினரை அழைத்தது.

நிகழ்ச்சியின் இறுதிப் பகுதிக்கு ஒரு பிரமுகர் வருவார். மேசையில் இருப்பவர்கள் அவரைக் கண்டவுடனே அறிந்துவிடுவர் என்பதால் நால்வரும் கண்களை மறைக்கும் முகமூடி அணிந்துகொள்வர். வந்த பிரமுகர் குரலை மாற்றிப் பேசுவார். 1953இல் எலினோர் ரூஸ்வெல்ட் அம்மையார் வந்தார். 1957இல் ஓவியர் சல்வடோர் டாலி வந்தார். அவரிடம் எதைக் கேட்டாலும் 'ஆம்' என்றே பதில் வந்தது. நீங்கள் மேடைக் கலைஞரா? ஆம். எழுத்துத் துறையில் உள்ளவரா? ஆம். விளையாட்டுடன் தொடர்புடையவரா? அதற்கும் ஆம். நடுவர் குறுக்கிட்டுத் திருத்த வேண்டியதாயிற்று. அரங்கம் சிரித்துக் களைத்தது. நானும் தனியே இருந்து சிரித்தேன்.

மேசையிலிருந்து எழுப்பப்பட்டவர்

எனினும், சிரிப்பவர்கள் கவனிக்காத ஒரு செய்தி அந்நிகழ்ச்சியின் முதல் ஆண்டிலேயே இருக்கிறது. ஆரம்பத்தில் அந்த மேசையில் இருந்தவர்களுள் ஒருவர் கவிஞர் லூயி அன்டர்மேயர். கவிதைத் தொகுப்பாளராகப் பெயர் பெற்றவர். நகைச்சுவை உணர்வு மிக்கவர். அக்காலம் அமெரிக்காவில் கம்யூனிச எதிர்ப்பு உச்சத்தில் இருந்த காலம். இடதுசாரித் தொடர்புடையவர் என்று அவருடைய பெயர் பட்டியல்களில் ஏறியது. விளம்பரதாரருக்கு எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. 1951இல் அன்டர்மேயர் நிகழ்ச்சியிலிருந்து விலக்கப்பட்டார். அவருடைய இடத்துக்கு வந்தவரே பெனற் சேர்ஃப்.

அந்த ஆண்டுகளில் அமெரிக்கக் காங்கிரசின் விசாரணைக் குழு எழுத்தாளர்களையும் நடிகர்களையும் அழைத்துக் கேட்ட கேள்வியை உலகம் அறியும்: 'நீர் இப்போது கம்யூனிஸ்ற் கட்சி உறுப்பினரா, அல்லது எப்போதாவது இருந்தீரா?' அதுவும் ஆம், இல்லை என்று பதில் கோரும் கேள்விதான். அங்கேயும் ஒரு மேசை இருந்தது. அதன் பின்னால் புகழ்பெற்றவர்கள் அமர்ந்திருந்தனர். ஒளிவிளக்குகளும் கமராக்களும் இருந்தன. ஞாயிறு இரவில் 'இல்லை' என்ற ஒவ்வொரு சொல்லுக்கும் ஐந்து டொலர் கொடுத்த நாட்டில், விசாரணைக் குழுவின் முன் எந்தப் பதிலைச் சொன்னாலும் இழப்பு இருந்தது. 'ஆம்' என்றால் தொழில் போகும். 'இல்லை' என்றால் பொய் சொன்னதாக வழக்கு வரலாம். பதில் கூற மறுத்த ஹொலிவுட் எழுத்தாளர்களும் இயக்குநர்களும் பத்துப்பேர் சிறைக்குச் சென்றனர்.

அந்த மேசையில் என் கவனத்தை அதிகம் ஈர்த்தவர் டொரதி கில்கலன். எங்கள் தொழிலைச் சேர்ந்தவர் என்பதுதான் காரணம். நியூயோர்க் நாளிதழ் ஒன்றில் அன்றாடப் பத்தி எழுதியவர்; பெரும் கொலை வழக்குகளை நீதிமன்றத்தில் அமர்ந்து எழுதியவர். 1964இல் டல்லஸ் நகரில் நடந்த ஜக் ரூபி வழக்கின்போது, கென்னடி கொலைச் சந்தேகநபரைச் சுட்டுக் கொன்ற அந்த மனிதரை நேரிற் சந்தித்துப் பேசியவர். மேசையில் அவர் கேள்வி கேட்கும் முறையைப் பார்த்தாலே நிருபரை இனங்காணலாம். மற்றவர்கள் பகிடிக்காகக் கேட்பார்கள்; அவர் ஒவ்வொரு கேள்வியாலும் வேலியை உள்ளே நகர்த்திக்கொண்டு வருவார். 1965 நவம்பர் 7ஆம் திகதி ஞாயிறு இரவு வழமைபோல் நிகழ்ச்சியில் பங்குபற்றினார். மறுநாள் தம் வீட்டில் இறந்து கிடந்தார். வயது 52. அடுத்த வார நிகழ்ச்சியில் அவரை நினைவுகூர்ந்தபின் ஆட்டம் தொடர்ந்தது.

கொழும்பிலிருந்து வந்த குரல்

இனி எங்கள் பக்கத்துக்கு வருவோம். அமெரிக்காவில் இந்நிகழ்ச்சி தொடங்கிய அதே 1950ஆம் ஆண்டில்தான் இலங்கை வானொலி தன் வர்த்தக சேவையை ஆரம்பித்தது. அதன் தமிழ்க் குரலாக எஸ்.பி. மயில்வாகனம் புகழ் பெற்றார். பாக்கு நீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் அவருக்கு நேயர்கள் இருந்தார்கள். அகில இந்திய வானொலி சினிமாப் பாடலை ஒதுக்கிவைத்திருந்த காலத்தில் கொழும்பு அதை அள்ளி வழங்கியது. பாடலை மட்டுமன்றி, பாடலைச் சுற்றி விளையாட்டையும் வழங்கியது. நேயர் வெறுமனே கேட்பவராக இருக்காமல், ஆடுபவராகவும் மாறியது கொழும்பு வானொலியில்தான்.

எனது தலைமுறைக்கு அந்த விளையாட்டின் நாயகன் கே.எஸ். ராஜா. எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் தமிழ்ச் சேவை இரண்டில் ஒலித்த குரல் அது. மூச்சு விடும் இடம் தெரியாமல், ஆனால் ஒரு சொல்லும் சிதையாமல் பேசுவார். அவர் நடத்திய 'மக்கள் வங்கி வினோத வேளை'யின் விதி, அமெரிக்க நிகழ்ச்சியின் விதியைத் தலைகீழாகப் புரட்டியது போன்றது. அங்கே 'ஆம்', 'இல்லை' இரண்டையும் தவிர வேறொன்றும் சொல்லக் கூடாது. இங்கே அந்த இரண்டையும் சொல்லவே கூடாது. நெடுநேரம் மௌனமாய் இருக்கவும் கூடாது. இந்த ஆட்டத்துக்கும் ஓர் ஆங்கில முன்னோடி உண்டு. 1952இல் லக்சம்பேர்க் வானொலியிலும், 1955 முதல் 1968 வரை பிரித்தானியாவின் ஐ.ரி.வி. தொலைக்காட்சியிலும் மைக்கல் மைல்ஸ் நடத்திய நிகழ்ச்சியில் ஒரு நிமிடம் ஆம், இல்லை சொல்லாமல் தாக்குப்பிடிக்க வேண்டும். சொன்னவுடன் பெரிய வெண்கலத் தட்டு அதிரும்.

இங்கே பிரமுகர்கள் அமர்ந்த மேசை இருக்கவில்லை. கேள்வி கேட்பவர் கே.எஸ். ராஜா ஒருவரே. பதில் சொல்ல வந்தவர்களோ எழுதுவினைஞர், ஆசிரியை, கடைச் சிப்பந்தி, மாணவன் என்று எங்களைப் போன்றவர்கள். எங்கள் பிரமுகர்கள் வேறிடத்தில் அமர்ந்திருந்தனர். சிலப்பதிகாரமும் மணிமேகலையும் பட்டிமண்டபத்தைக் குறிப்பிடுகின்றன. அதன் வழித்தோன்றலான பட்டிமன்றம் எங்கள் கோயில் வீதிகளில் திருவிழாக் காலத்து இரவுகளை ஆண்டது. 1980இல் யாழ்ப்பாணத்தில் கம்பவாரிதி இ. ஜெயராஜ் அவர்களும் தோழர்களும் கம்பன் கழகத்தைத் தொடங்கிய பின்னர், பட்டிமன்றப் பேச்சாளர்களுக்குச் சினிமா நடிகர்களுக்கு நிகரான புகழ் இங்கே கிடைத்தது. எந்த அணியில் எவர் பேசுகிறார் என்று பார்த்தே சனம் பாயை எடுத்துக்கொண்டு போய் இடம் பிடித்தது. தம் சொந்தக் கருத்துக்கு நேரெதிரான பக்கத்தில் நின்று வாதாடி, தோற்றபின் எதிரணியினரோடு ஒன்றாக இருந்து தேநீர் அருந்திய மனிதர்களை நான் கண்டிருக்கிறேன். இப்போது எண்ணிப் பார்க்கையில் அது எத்துணை பெரிய நாகரிகம் என்று தோன்றுகிறது.

வினோத வேளைக்கு யாழ்ப்பாணத்தார் பிறவியிலேயே தகுதி பெற்றவர்கள் என்பது என் துணிபு. வீட்டை விட்டுப் புறப்படுபவரை "எங்கே போகிறீர்?" என்று கேட்பது இங்கே அபசகுனம். "என்ன, தூரமோ?" என்றுதான் கேட்பார்கள். அதற்கும் எவரும் நேரான பதில் தரமாட்டார்கள். கொழும்புக்கு மெயில் வண்டி ஏறப் போகிறவர்கூட "உதிலை வரைக்கும்" என்பார். "போறன்" என்று சொல்வதில்லை. "போட்டு வாறன்" என்போம். கேள்விக்குக் கேள்வியையே பதிலாகத் தருவது எங்கள் ஊர்ப் பழக்கம். "சாப்பிட்டாச்சோ?" என்றால் "சாப்பிடாமல் இருப்பமே?" என்று பதில் வரும்.

ஆசிரியர் வராத பாடவேளைகளில் வகுப்பறையே வினோத வேளையாகிவிடும். இப்போது ரொறன்ரோவில் இருக்கும் அந்தத் தோழரே எங்கள் வகுப்பின் வெற்றிவீரர். அவரை வீழ்த்த முடியாது.

"வீட்டுப்பாடம் செய்தாச்சோ?"

"செய்யாமல் வாத்தியாரிட்டை அடி வாங்கச் சொல்லுறியோ?"

"அப்ப செய்துபோட்டாய்?"

"கொப்பியைத் திறந்து பார்."

நானோ முதல் மூன்று கேள்விக்குள் 'ஓம்' என்று தலையாட்டித் தோற்றுவிடுவேன். யாழ்ப்பாணத்தானுக்கு 'ஆம்' என்ற சொல்லைத் தவிர்ப்பது எளிது. அவன் அதைச் சொல்வதேயில்லை. 'ஓம்' என்ற சொல்லிற்றான் அகப்படுவான்.

தலையாட்டி

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை எல்லோரும் அறிவர். மெல்லத் தட்டினால் தலையை அசைக்கும்; குழந்தைகள் சிரிக்கும். தமிழ் அகராதிகளில் 'தலையாட்டி' என்ற சொல்லுக்கு அந்தப் பொம்மையும், எதற்கும் ஆமாம் போடுபவரும் பொருளாகலாம். எண்பதுகளுக்குப் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் அச்சொல்லுக்கு வேறொரு பொருள் வந்து சேர்ந்தது. இதை வாசிக்கும் ஈழத்தவர் பலருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டு வாசகருக்காகவும், புலம்பெயர்ந்த மண்ணிற் பிறந்த பிள்ளைகளுக்காகவும் எழுதுகிறேன்.

விடியற்காலையில் ஊர் சுற்றிவளைக்கப்படும். ஆண்கள் யாவரும் பாடசாலை மைதானத்துக்கோ கோயில் வீதிக்கோ வருமாறு ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். வெயிலில் வரிசையாக இருத்துவார்கள். பின்னர் ஒவ்வொருவராக எழுந்து ஒரு வாகனத்தின் முன்னால் நடந்து செல்ல வேண்டும். வாகனத்தினுள் ஓர் உருவம் இருக்கும். தலையிலிருந்து கழுத்துவரை சாக்கு அல்லது துணி. கண்களுக்கு மட்டும் இரண்டு துளைகள். அந்த உருவம் பேசாது. தலையை மட்டும் அசைக்கும். மேலும் கீழுமாக அசைந்தால் நடந்து சென்றவரை ஒரு பக்கமாகப் பிரித்து நிறுத்துவார்கள். பிரிக்கப்பட்டவர்களிற் சிலர் மாலையில் வீடு திரும்பினர். சிலர் மாதங்கள், ஆண்டுகள் கழித்துத் திரும்பினர். சிலர் திரும்பவேயில்லை.

அமெரிக்க நிகழ்ச்சியில் நால்வரும் முகமூடியை அணிந்துகொண்டு சிரித்தபடி கேள்வி கேட்டபோது, என் கை தன்னையறியாமல் அந்தக் காட்சியை நிறுத்திவிட்டது. அவர்களுடைய முகமூடியில் துளை இல்லை; வந்தவரைக் காணாதிருப்பதற்காக அணிந்தார்கள். எங்கள் ஊர் முகமூடியில் துளை இருந்தது. தன்னை எவரும் காணாமல் தான் மட்டும் காண்பதற்காக அது அணிவிக்கப்பட்டது. ஆனால் இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றுதான்: இவர் யார்? இவருடைய தொழில் என்ன?

நானும் அந்தத் தோழரும் அப்படியொரு வரிசையில் ஒரு நாள் இருந்தோம். ஆண்டையும் படையையும் இங்கே எழுதப் போவதில்லை. உடைகள் மாறின, மைதானமும் வாகனமும் துளையிட்ட சாக்கும் மாறவில்லை. எனக்கு முன்னால் தோழர் நடந்தார். எனக்குப் பின்னால், எங்கள் சந்தியில் துவிச்சக்கர வண்டிகளுக்கு ஒட்டுப்போடும் கடையில் வேலை செய்த ஒரு பையன். எங்களைவிட இரண்டு வயது மூத்தவன். என் முறை வந்தபோது அந்தத் தலை பக்கவாட்டில் அசைந்தது. போகச் சொன்னார்கள். பத்தடி நடந்திருப்பேன். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. திரும்பிப் பார்த்தபோது அந்தப் பையனை மறுபக்கத்துக்கு அழைத்துச் சென்றுகொண்டிருந்தார்கள். அவனுடைய கைகளில் ஒட்டுப்போடும் பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது. அவன் திரும்பி வரவில்லை.

தமிழர்கள் தலையசைப்பதை வெளிநாட்டார் புரிந்துகொள்ள முடியாமல் திண்டாடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். நாம் பக்கவாட்டில் தலையை ஆட்டினால் அது மறுப்பாகவும் இருக்கலாம். 'சரி, சரி' என்ற இசைவாகவும் இருக்கலாம். அன்று அந்தச் சாக்கினுள் இருந்தவர் என்னைக் கண்டு ஆட்டியது மறுப்புத்தானா, அல்லது என்னை அறிந்துகொண்டதன் அடையாளமாக வந்த வெறும் பழக்க அசைவா என்பதை எத்தனையோ இரவுகள் யோசித்திருக்கிறேன். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டார்கள். அதனால் இன்று இதை எழுதுகிறேன்.

வயது ஏற ஏற அந்தச் சாக்கினுள் இருந்தவரையும் நினைக்கிறேன். அவரும் எங்களைப் போன்ற ஓர் இளைஞராகவே இருந்திருப்பார். அவரை அந்த வாகனத்தில் ஏற்றுவதற்கு முன்னர் அவரிடமும் எவரோ கேள்வி கேட்டிருப்பார்கள். 'ஆம்' என்றாலும் ஆபத்து, 'இல்லை' என்றாலும் ஆபத்து. மௌனமும் அனுமதிக்கப்பட்டிருக்காது. வினோத வேளையின் மூன்று தடைகளும் அவருக்கு இருந்தன. ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும் வழி மட்டும் இருக்கவில்லை.

நேர்மையாக எழுதுவதாயின் இன்னொன்றையும் எழுத வேண்டும். கேள்வி கேட்டவர்கள் வெளியிலிருந்து வந்த படையினர் மட்டுமல்லர். எங்களிடையே தோன்றிய இயக்கங்களின் முகாம்களிலும் கேள்விகள் கேட்கப்பட்டன. 'துரோகி' என்ற ஒற்றைச் சொல்லுக்கு எதிராக வாதாட அணியும் இருக்கவில்லை, நடுவரும் இருக்கவில்லை. பட்டிமன்றத்தில் எதிர்ப்பக்கம் பேசியவருக்குத் தேநீர் கொடுத்த சமூகம், எதிர்க்கருத்துச் சொன்னவருக்கு மின்கம்பத்தைக் காட்டிய காலம் அது.

குரல்கள் அடங்கிய ஆண்டுகள்

கே.எஸ். ராஜா 1989இல் கொல்லப்பட்டார். எங்கள் வீட்டு விறாந்தையில் அவருடைய குரலுக்காக அயலவர் எல்லாரும் கூடிய மாலைகளுக்கும் அந்தச் செய்திக்கும் இடையில் பத்து ஆண்டுகள்கூட இல்லை. ஆம், இல்லை சொல்லாமல் பேசுவதற்கு ஒரு நாட்டையே பழக்கிய மனிதர், அந்தப் பழக்கம் உயிர்காக்கும் வித்தையாகிப்போன காலத்தில் மாண்டார். அதே ஆண்டு செப்டெம்பர் 21ஆம் திகதி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீட விரிவுரையாளர் ரஜனி திராணகம, துவிச்சக்கர வண்டியில் வீடு திரும்பும் வழியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். எல்லாத் தரப்பையும் நோக்கிக் கேள்வி கேட்டவர் அவர்.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் வெடித்தபின் குடாநாட்டில் மின்சாரம் இல்லாமற் போயிற்று. தொலைக்காட்சிப் பெட்டிகள் துணியால் மூடப்பட்டன. மின்கலங்களுக்கும் தடை. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலி கேட்டோம். ஒருவர் சுழற்ற, பத்துப் பேர் பி.பி.சி. தமிழோசையைக் கேட்பார்கள். சுழற்றுபவர் களைத்தால் செய்தி தேய்ந்து போகும். 'எங்கள் ஊரிற் செய்தி என்பது வியர்வையால் வருவது' என்று அந்நாட்களில் நாங்கள் பகிடியாகச் சொல்வதுண்டு.

பல்கலைக்கழகப் படிப்பை முடித்துப் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தபோது, கேள்வி கேட்பதே இனி எனக்குத் தொழில் என்று மகிழ்ந்தேன். அந்தத் தொழிலின் விலையை விரைவில் அறிந்தோம். 2000 ஒக்ரோபர் 19ஆம் திகதி இரவு, ஊரடங்கு வேளையில், பி.பி.சி.யின் யாழ்ப்பாணச் செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன் தம் வீட்டிற் சுட்டுக் கொல்லப்பட்டார். டொரதி கில்கலனை நினைவுகூரும் அந்த 1965ஆம் ஆண்டின் ஒளிப்பதிவைப் பார்த்தபோது எனக்கு நிமலராஜன் நினைவுதான் வந்தது. இருவருடைய வாழ்வும் சாவும் ஒன்றல்ல. ஆயினும் கேள்வி கேட்கும் ஒருவர் அமர்ந்திருந்த இடம் வெறுமையாகும்போது எஞ்சியிருப்போர் அடையும் உணர்வு எங்கும் ஒன்றுதான்.

ஆட்டம் தொடர்கிறது

இதற்கிடையே எங்கள் வானொலி விளையாட்டுகளில் ஒன்று கடல் கடந்தது. இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீத் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு', பின்னர் சன் தொலைக்காட்சி வழியாகத் தமிழ்நாட்டின் வீடுகளுக்கும், அங்கிருந்து செய்மதி மூலம் உலகெங்கும் சிதறிய தமிழர் வீடுகளுக்கும் சென்றது. யுத்தத்தால் ஊரை விட்டுப் போனவர்கள் பரிசிலும் இலண்டனிலும் இருந்து, தம் ஊர் வானொலியிற் பிறந்த விளையாட்டைத் தமிழ்நாட்டு அரங்கிலிருந்து பார்த்தார்கள்.

என் தோழர் போனதும் அப்படித்தான். அந்த மைதானத்து நாளுக்குப் பின் இரண்டு மாதத்தில் அவருடைய தந்தை காணியை ஈடு வைத்து அவரை அனுப்பினார். பல நாடுகளின் ஊடாகக் கனடா சேர்ந்த அவரை, அகதி விண்ணப்ப விசாரணையில் ஒரு மேசைக்கு முன் இருத்தினார்கள். மொழிபெயர்ப்பாளர் சொன்னாராம்: "தம்பி, கதை சொல்ல வேண்டாம். ஓம் அல்லது இல்லை, அதை மட்டும் சொல்லுங்கோ." வகுப்பின் வெற்றிவீரரான அவருக்கு அந்த இரண்டு சொற்களும் நாவில் வரவில்லை. கேள்விக்குக் கேள்வியாற் பதில் சொன்னார். மறைப்பதற்கு ஏதோ இருக்கிறது என்று கேட்டவர்கள் எண்ணினார்கள். அவருடைய விண்ணப்பம் ஏற்கப்பட நீண்ட காலம் சென்றது. இதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சிரிக்கவில்லை.

விளையாட்டுக்கும் விசாரணைக்கும் இடையே இருக்கும் வேறுபாடு என்ன என்று இந்த ஒரு வாரமாக எண்ணிப் பார்த்தேன். மேசை இரண்டிலும் உண்டு. முகமூடியும் இரண்டிலும் இருக்கலாம். கேள்வியும் ஒன்றாக இருக்கலாம். விளையாட்டில், பதில் சொன்னவர் தோற்றாலும் வென்றாலும் அன்றிரவு தம் வீட்டிற் சென்று படுப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். கேட்பவர் எவ்வளவு பெரிய பிரமுகராயினும், அவருடைய ஊகம் பிழையானால் அதைக் கண்டு சிரிக்கும் உரிமை அரங்கில் இருப்போருக்கு உண்டு. இந்த இரண்டும் உள்ள இடம் நாகரிகமான நாடு. இவை இல்லாத இடத்தில் நாங்கள் நெடுங்காலம் வாழ்ந்தோம். ஒட்டுக்கடைப் பையனின் தாய் தன் இறுதிக்காலம் வரை ஒவ்வோர் அலுவலகத்துக்கும் ஆணைக்குழுவுக்கும் சென்று கேட்டது ஒரேயொரு கேள்விதான்: என் பிள்ளை உயிரோடு இருக்கிறானா? ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல் போதும் என்றார் அவர். அவருக்குக் கிடைத்தது மௌனம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தோழர் மீண்டும் அழைத்தார். அவருடைய இளைய மகள் பக்கத்தில் இருந்தாள். பன்னிரண்டு வயது. ரொறன்ரோவிற் பிறந்தவள். தந்தை அவளுக்கு வினோத வேளையைக் கற்றுக் கொடுத்திருக்கிறார். "மாமாவோடை ஒருக்கால் விளையாடிப் பார்" என்று தொலைபேசியை அவளிடம் கொடுத்தார்.

"மாமா, இப்ப கேட்கத் தொடங்கட்டோ?" என்றாள்.

"ஓம் பிள்ளை" என்றேன்.

மறுமுனையில் இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். தோற்றுப்போன நானும் சிரித்தேன்.